தைலக் குப்பியைக் கண்ணால் பார்த்து வகைப்படுத்த முடியாது: வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மலைப்பகுதிப் பள்ளிகளுக்கான அறிவியல் திறனறித் தேர்வின் வினாத்தாள் குழுவினருக்கு,

சென்ற மாதம் நீங்கள் நடத்திய தேர்வை எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பிலிருந்து 11 பேர் எழுதினார்கள். தனிமம், சேர்மம், கலவை பற்றிய பகுதியில் மூன்று வினாக்களுக்கு அவர்கள் எழுதிய சரியான விடைகள் தவறென்று திருத்தப்பட்டிருக்கின்றன. விடைக்குறிப்பில் உள்ள பிழைகளைச் சுட்டி, காரணங்களோடு நான் அனுப்பிய நான்கு பக்க முறையீட்டுக்கு, "விடைக்குறிப்பே இறுதியானது" என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. தொலைபேசியில் விளக்கம் கேட்டபோது, ஆய்வக வசதி இல்லாத மலைக்கிராமத்துப் பிள்ளைகளை மனத்தில் கொண்டே, கண்ணால் பார்த்து வகைப்படுத்தும் எளிய வினாக்களைக் கொடுத்தோம் என்று உங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர் சொன்னார். போன மதிப்பெண்களைவிட இந்த விளக்கம்தான் என்னை அதிகம் வருத்தியது. அதனால்தான் அந்த நான்கு பக்கங்களை மீண்டும் உங்களுக்கு அனுப்பாமல், எல்லோரும் படிக்கும்படி இம்மடலை எழுதுகிறேன்.

படிப்பவர்களுக்காக அந்த வினாக்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நீலகிரித் தைலம் எந்த வகை என்பது முதல் வினா. தெளிவான, ஒரே சீரான திரவம் என்பதால் அது சேர்மம் என்கிறது உங்கள் விடைக்குறிப்பு. நிறமற்ற திரவம் ஒன்று உங்கள் பள்ளியில் 93 டிகிரி செல்சியஸில் கொதித்தால் அது தூய நீரா, கலவையா என்பது இரண்டாவது. தூய நீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும், ஆகவே கலவை என்கிறது குறிப்பு. 22 காரட் தங்க மூக்குத்தி எந்த வகை என்பது மூன்றாவது. தனிமம் என்கிறது குறிப்பு. மூன்றுமே பிழை. மூன்று பிழைகளுக்கும் வேர் ஒன்றுதான்: பார்வைக்கு ஒன்றாகத் தெரிவது ஒரே பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம்.

தனிமம் என்பது வேதிமுறைகளால் அதைவிட எளிய பொருளாகப் பிரிக்க முடியாதது. சேர்மம் என்பது இரண்டோ அதற்கு மேற்பட்டோ தனிமங்கள் மாறாத விகிதத்தில் வேதியியல் முறையில் இணைந்து, தம் பழைய குணங்களை இழந்து உண்டாக்கும் புதுப்பொருள். கலவையிலோ எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம். கூடியவை தத்தம் குணத்தை விடுவதில்லை. வடிகட்டியோ ஆவியாக்கியோ காந்தத்தைக் காட்டியோ அவற்றை மீண்டும் பிரித்துவிடலாம். இந்த மூன்று விளக்கங்களில் எதிலும் நிறம், தெளிவு, பளபளப்பு என்ற சொல்லே வரவில்லை. பிரிக்க முடிகிறதா, விகிதம் மாறுகிறதா, குணம் நிலைக்கிறதா என்று செய்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

இனி தைலத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது; ஏனென்றால் இந்த மாவட்டத்தின் பெயரையே தாங்கிய பொருள் இது. எங்கள் பள்ளியைச் சுற்றிக் கற்பூர மரங்கள்தான்; யூகலிப்டஸை இங்கே அப்படித்தான் சொல்வோம். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளிக் காய்ச்சும் கொட்டகை ஒன்று பள்ளியிலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது. என் மாணவி ஒருத்தியின் தாத்தா அங்கே பல ஆண்டுகளாக வேலை செய்கிறார். ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பை அங்கே அழைத்துப் போவேன். பெரிய அண்டாவில் இலையை அடைத்து, நீர்விட்டு, அடியில் தீ மூட்டுவார்கள். இலையிலிருந்து தைலத்தைச் சுமந்துகொண்டு ஆவி குழாய் வழியே வரும். ஓடைத்தண்ணீர் நிறைந்த தொட்டிக்குள் அந்தக் குழாய் வளைந்து செல்வதால் ஆவி குளிர்ந்து திரவமாகும். கடைசியில் உள்ள கலத்தில் நீர் அடியிலும் தைலம் மேலேயும் நிற்கும். இந்த ஆண்டு போனபோது, முதலில் வடிந்த தைலத்தில் கொஞ்சமும் கடைசியில் வடிந்ததில் கொஞ்சமும் இரண்டு சிறு குப்பிகளில் தனித்தனியே வாங்கி வந்தோம். வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்த்த பிள்ளைகள் எது எது என்று பிரித்துச் சொன்னார்கள். இரண்டும் ஒரே சேர்மமாக இருந்திருந்தால் அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

தைலத்தின் பெரும்பகுதி சினியோல் என்ற சேர்மம். அதன் ஒரு மூலக்கூறில் 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கும். அந்த எண்ணிக்கை எந்த மரத்திலும் எந்தப் பருவத்திலும் மாறாது. ஆனால் தைலத்தில் சினியோலோடு ஆல்ஃபா பைனீன், லிமோனீன் முதலிய வேறு சேர்மங்களும் கூடியிருக்கின்றன. எது எவ்வளவு என்பது மரத்தின் வகை, இலையின் வயது, பருவம் ஆகியவற்றுக்கு ஏற்ப மாறும். எலுமிச்சை மணம் வீசும் யூகலிப்டஸ் வகையின் தைலத்தில் சினியோலுக்குப் பதிலாக சிட்ரோனெல்லால் என்ற வேறொரு சேர்மமே மிகுந்திருக்கும். தைலத்தைத் தரம் பிரிக்கும்போது சினியோல் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பதும் இதனால்தான். நீருக்கு அப்படி ஒரு கணக்கு உண்டா? ஹைட்ரஜன் கூடுதலான நீர், குறைவான நீர் என்று எவரும் தரம் பிரிப்பதில்லை. எடைக்கணக்கில் 1 பங்கு ஹைட்ரஜனுக்கு 8 பங்கு ஆக்சிஜன் இருந்தால்தான் அது நீர்.

இன்னொரு சோதனையையும் உங்கள் முன் வைக்கிறேன். இதற்கு ஆய்வகமே தேவையில்லை; உறைபனி விழும் ஊர் இருந்தால் போதும். தூய சினியோல் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும், அதாவது நீருக்கும் முன்பே. சென்ற தை மாதத்தில், பனி விழும் என்று தெரிந்த ஓர் இரவில், பள்ளித் திடலில் ஒரு தட்டில் நீரும் அதன் பக்கத்தில் மூடிய குப்பியில் தைலமும் வைத்துவிட்டு வந்தோம். விடிந்து போய்ப் பார்த்தபோது புல்லெல்லாம் வெண்மையாக இருந்தது. தட்டில் கண்ணாடிபோல் பனிக்கட்டி. குப்பியில் தைலம் எப்போதும்போல் ஓடியது. கலந்திருக்கும் மற்ற பொருள்கள் சினியோலின் உறைநிலையை வெகுவாகக் கீழே இழுத்துவிடுகின்றன என்பதை அன்று என் பிள்ளைகள் விரல் விறைக்கும் குளிரில் நின்று கற்றார்கள். தைலக் கொட்டகையில் தாத்தா வேலை செய்யும் அந்த மாணவி தேர்வில் எழுதிய விடை இது: "தைலம் கலவை. சினியோல் மட்டும் இருந்தால் எங்கள் ஊர்ப் பனியில் உறைந்திருக்கும்." அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. திருத்தியவர் மீது எனக்குக் குறையில்லை. அவர் கையில் இருந்த விடைக்குறிப்பில் 'சேர்மம்' என்றிருந்தது. என் குறை அந்தக் குறிப்பை எழுதியவர்கள் மீதுதான்.

தைலம் எல்லாமே ஒரே மாதிரி என்றும் நான் சொல்ல வரவில்லை. உதகைக் கடைகளில் நீலகிரித் தைலத்தின் பக்கத்திலேயே விண்டர்கிரீன் தைலமும் இருக்கும். அதில் மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே சேர்மம்தான் மிகப் பெரும்பான்மை, மற்றவை சிறிதளவே. ஏறத்தாழ தூய சேர்மம் என்றே அதைச் சொல்லலாம். இரண்டும் மருந்துக் குப்பிகள், இரண்டும் தெளிந்த திரவங்கள், இரண்டும் மூக்கைத் துளைப்பவை. கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்துச் சொல்ல உங்களால் முடியுமா? என்னால் முடியாது.

கொதிநிலை பற்றிய வினாதான் என்னை மிகவும் கலங்க வைத்தது. உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் நீர் முன்னதாகவே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் நீர் உதகையில் 93-க்கும் சற்றுக் குறைவாகவே கொதித்துவிடும். இங்கே குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு எளிதில் வேகாது என்பது வீட்டிலுள்ள எவருக்கும் தெரியும். சமையலறையில் அம்மாக்களுக்குத் தெரிந்திருக்கும் இந்த உண்மையை, மலைப்பள்ளிகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட வினாத்தாள் மறந்துவிட்டது. அதுவும் "உங்கள் பள்ளியில்" என்ற சொற்களை வினாவிலேயே வைத்துக்கொண்டு.

நாங்கள் இதை அளந்திருக்கிறோம். பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் என்று விற்கும் வாலை வடிநீரை வாங்கி வந்து, எங்களிடம் உள்ள இரண்டு வெப்பமானிகளையும் வைத்துக் கொதிக்க விட்டோம். 93-ஐ ஒட்டி வந்ததும் ஏற்றம் நின்றது. நீர் பாதியாக வற்றும் வரை அடுப்பை எரியவிட்டும் வெப்பநிலை அசையவில்லை. அடுத்து, அரை லிட்டர் நீரில் 30 கிராம் உப்பைக் கரைத்துக் கொதிக்க விட்டோம். தொடக்கமே முன்னதைவிட ஏறத்தாழ ஒரு டிகிரி அதிகம். நீர் வற்ற வற்ற அது மேலும் ஏறிக்கொண்டே போனது. உப்போ சர்க்கரையோ கரைந்திருந்தால் கொதிநிலை உயருமே தவிர இறங்காது. ஆகவே, 100-க்குக் கீழே கொதித்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து அதைக் கலவை என்று முடிவு கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. என் வகுப்பில் நான்கு பேர் இந்த வினாவுக்கு, "உதகையில் அது தூய நீராக இருக்கலாம். கொதிக்கத் தொடங்கிய பிறகு வெப்பநிலை மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்ற பொருள்பட எழுதியிருக்கிறார்கள். நான்கு பேருக்கும் பூச்சியம்.

வெப்பநிலை நிலையாக நிற்பது ஒன்றே போதிய சான்று என்றும் நான் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. எடைக்கணக்கில் 96 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக எத்தனாலும் மீதி நீரும் சேர்ந்த கலவை, கடல்மட்டத்தில் ஏறத்தாழ 78 டிகிரியில் சேர்மம்போல் நிலையாகக் கொதிக்கும். ஆனால் அழுத்தத்தை மாற்றினால் அந்தக் கலவையின் விகிதமே மாறிவிடும். நீரில் உள்ள ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எந்த மலையில் ஏறினாலும் தங்கள் 1-க்கு 8 விகிதத்தை விடுவதில்லை. ஒரு சோதனை போதாதபோது இன்னொன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்பதுவரை ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லலாம். சொன்னால் அவர்களுக்குப் புரிகிறது.

மூக்குத்தியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 22 காரட் நகையில் 916 என்று முத்திரை இருக்கிறது. 1000 பங்கில் 916 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை என்பதே அதன் பொருள். அது உலோகக்கலவை. உங்கள் வினாவிலேயே "22 காரட்" என்று எழுதிவிட்டு விடையைத் தனிமம் என்று கொடுத்திருக்கிறீர்கள். தங்கத்தைத்தான் கேட்க வேண்டும் என்றிருந்தால் தேவாலாவின் கல்லைக் கேட்டிருக்கலாம். 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தங்கம் தேடிக் கம்பெனிகள் குவிந்த இடம் அது. அங்கே கிடைக்கும் வெண்கல் குவார்ட்சு. சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். அதற்குள் துகளாகவும் இழையாகவும் இருக்கும் தங்கம், சிறிது வெள்ளி கலந்திருந்தாலும், வேறெதனுடனும் வேதியியல் முறையில் இணையாமல் கிடக்கும் தனிமம். இரண்டையும் சேர்த்துத் தாங்கிய பாறை கலவை. நம் மாவட்டத்து ஒரே கல்லில் பாடம் முழுவதும் இருக்கிறது.

இனி, ஆய்வக வசதி இல்லாத பிள்ளைகள் என்ற அந்தச் சொல். எங்களிடம் ஒரு அலமாரி அளவுக்குத்தான் கருவிகள் உண்டு என்பது உண்மை. ஆனால் என் வகுப்பில் இருப்பவர்கள் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் உருளைக்கிழங்கு, கேரட் போடுபவர்களின் பிள்ளைகளும்தான். பொருளைச் சோதித்தறியும் பழக்கம் இவர்கள் வீடுகளில் பாடநூலுக்கு முன்பே இருக்கிறது. என் அப்பாவும் உருளைக்கிழங்கு போட்டவர். கருகல் நோய்க்குப் போர்டோ கலவை தயாரிக்கும்போது, ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுண்ணாம்பை வேறொரு தொட்டியில் 50 லிட்டர் நீரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்குவார். பிறகு நன்றாகத் தேய்த்த இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் அதில் முக்கி எடுத்துப் பார்ப்பார். கத்தியில் செந்நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு, படியாவிட்டால் தெளிக்கலாம். அந்தச் செந்நிறம் செம்பு என்ற தனிமம்; நீல மயில்துத்தம் அந்தச் செம்பைத் தன்னுள் மறைத்து வைத்திருந்த சேர்மம்; தொட்டியில் இருப்பது கலவை. பள்ளிக்கூடத்தில் நான் இந்தச் சொற்களைக் கற்றபோது, எனக்கு அவை புதிய பெயர்களாக மட்டுமே இருந்தன. பொருள்களை அப்பாவின் கத்தி முனையில் நான் முன்பே பார்த்திருந்தேன். நீல உப்புக்குள் சிவந்த உலோகம் இருக்கிறது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து யார் சொல்ல முடியும்? அவர் கத்தியை முக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பார்வை வினாக்கள் போதும் என்று முடிவு செய்வதற்கு முன், எங்களில் ஒருவரையாவது நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

சுண்ணாம்பைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நவீன வேதியியலுக்கு அடித்தளமிட்ட லவாய்சியர் 1789-ல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் சுண்ணாம்பும் இருந்தது. அக்காலத்து முறைகளால் அதைப் பிரிக்க முடியவில்லை. பின்னால் பிரிக்கப்படலாம் என்று அவரே ஐயம் கொண்டிருந்தார். 1808-ல் ஹம்ப்ரி டேவி மின்னோட்டத்தின் உதவியால் சுண்ணாம்பிலிருந்து கால்சியத்தைப் பிரித்ததும் சுண்ணாம்பு சேர்மம் என்று உறுதியானது. லவாய்சியர் எழுதியதே இறுதியானது என்று எவரும் சொல்லவில்லை. அவருடைய பட்டியல் திருத்தப்பட்டதால் அவர் பெருமை குறையவும் இல்லை. உங்கள் விடைக்குறிப்பு திருத்தப்பட்டால் உங்கள் மதிப்பும் குறையாது.

நான் கேட்பவை இவை. அந்த மூன்று வினாக்களுக்கான விடைக்குறிப்பைத் திருத்தி, என் மாணவர்களுடையவை மட்டுமல்லாமல், தேர்வெழுதிய எல்லாப் பிள்ளைகளின் விடைத்தாள்களையும் மறுபடி திருத்துங்கள். திருத்திய குறிப்பைக் காரணங்களோடு எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள், ஏனென்றால் பழைய குறிப்பை நம்பி வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்ட ஆசிரியர்களும் இருப்பார்கள். தைலத்தைக் கலவை என்று எழுதிய அந்த மாணவி இரண்டு மதிப்பெண்ணில் இரண்டாம் சுற்றைத் தவறவிட்டிருக்கிறாள். அவளைப் போன்றவர்களின் பெயர்களைச் சேர்த்த பிறகே இரண்டாம் சுற்றை நடத்துங்கள். இனி வரும் முறையீடுகளுக்கு, ஏற்றாலும் மறுத்தாலும், காரணத்தை எழுதிப் பதில் அனுப்புங்கள். அடுத்த வினாத்தாளில், ஒரு பொருளின் பெயரை மட்டும் கொடுத்து வகையைக் கேட்காமல், ஒரு சோதனையையும் அதில் கண்டதையும் கொடுத்து, முடிவையும் அதற்கான காரணத்தையும் கேளுங்கள்; மதிப்பெண்ணில் ஒரு பங்கைக் காரணத்துக்கென்று ஒதுக்குங்கள். கொதிநிலையைக் கேட்டால் இடத்தின் உயரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மலைப்பள்ளிகளில் இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் இருவரையாவது குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நானாக இருக்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை.

கடைசியாக, அடுத்த வினாத்தாளை எழுத உட்காருவதற்கு முன், உங்களில் யாரேனும் ஒருவர் உறைபனிக் காலத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குள் எங்கள் பள்ளித் திடலுக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தட்டில் நீரும் குப்பியில் தைலமும் முந்தின இரவே வெளியில் வைத்திருப்போம். நீங்கள் வரும்போது நல்ல வெப்பமானி ஒன்றைக் கொண்டு வாருங்கள். எங்களிடம் உள்ள இரண்டும் பழையவை.

இப்படிக்கு,
உதகைக்கு அருகில் ஒரு பள்ளியில் 22 ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை